கொழுந்தும் கணத்தாக்கமும்

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் ஒரு நாள் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ வேண்டுமென்றால், தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் கூடியும் குறைந்தும், பதினெட்டு கிலோ அளவில் கொழுந்து நிறுவைக்கு வந்தாக வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமான தளிர் ஒரு கிராமைத் தாண்டுவது அரிது. தாராளமாக ஒரு கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் 18,000 தளிர். மலை ஏறும் நேரம், நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரம், தேத்தண்ணி நேரம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், இரண்டு கைக்கும் சேர்த்து ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தளிர் என்று கணக்கு வருகிறது.

சும்மா பிய்த்துப் போடுகிற வேலையும் இல்லை இது. எந்த இலையோடு நிறுத்துவது, காம்பு இளசா முற்றலா, கிள்ளினால் முறியுமா, நார் உரியுமா என்று ஒவ்வொரு தளிருக்கும் பார்க்க வேண்டும். எடுத்த கொழுந்தை உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டே அடுத்ததை எடுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் இலை கசங்கும், கசங்கிய இலை தொழிற்சாலைக்குப் போகும் முன்பே சிவக்கத் தொடங்கிவிடும். தளர்த்திப் பிடித்தால் கீழே கொட்டும்.

இத்தனையையும் கண் பார்த்துச் செய்கிறது என்றுதான் தோன்றும். கண் செய்வது பாதி வேலைதான். பொருள்களை எடுத்து வைக்கும் மனிதர்களின் பார்வை எங்கே போகிறது என்று சுவீடனில் ரோலண்ட் ஜொஹான்சன் குழுவினர் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். கை போய்ச் சேருமுன் கண் அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. கை அந்த வேலையை முடிக்கும் தறுவாயில் கண் அங்கே இல்லை, அடுத்த இடத்துக்குத் தாவிவிட்டது. கொழுந்து எடுக்கும் பெண்ணைக் கவனித்துப் பாருங்கள், இதே கதைதான். இந்தத் தளிரைக் கிள்ளி முடிப்பது விரல். கண் அடுத்த தளிரில் இருக்கிறது. கால் இருக்கும் இடத்தையோ கண் பார்ப்பதே இல்லை. இடுப்பளவு செடிகள் இரண்டு பக்கமும் அடைத்து நிற்கும்போது, தன் பாதம் கல்லில் இருக்கிறதா சேற்றில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க முடியாது. அது பாதத்துக்குத்தான் தெரிய வேண்டும்.

பாதத்துக்கும் விரலுக்கும் தெரிவது மூளைக்கு எப்படிப் போகிறது? அதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

விரலிலிருந்து தொடங்குவோம். ஒரு கையின் உள்பக்கத் தோலில் மட்டும் ஏறத்தாழ 17,000 தொடுகை நரம்பு நார்கள் வந்து முடிகின்றன. 1979இல் ஜொஹான்சனும் ஒகே வால்போவும் சொன்ன கணக்கு இது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வால்போவும் கார்ல்-எரிக் ஹாக்பார்த்தும் விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள் மயிரைவிட மெல்லிய நுனி கொண்ட ஊசியைச் செலுத்தி, ஒற்றை நாரில் ஓடும் சமிக்ஞையைப் பதிவு செய்யும் முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆளுக்காகக் காத்திருக்காமல் முதலில் தங்கள் கைகளிலேயே குத்திப் பார்த்தவர்கள். அறிவியல் வரலாற்றில் இந்த மாதிரி ஆட்களுக்குக் குறைவில்லை.

அந்த நார்களின் நுனியில் இருக்கும் வாங்கிகள் நான்கு வகை. மெர்க்கல் கலங்கள், அழுத்தம் நீடிக்கும்வரை சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருப்பவை. விளிம்பு, முனை, சொரசொரப்பு ஆகியவை இவற்றால் தெரியும். மெய்ஸ்னர் வாங்கிகள் மாற்றத்தை மட்டுமே சொல்பவை. தோல்மேல் எதுவும் அசையாவிட்டால் வாயே திறக்காது, இலேசாக வழுக்கினால் உடனே கத்தும். விரல் நுனியில் ஒரு சதுர சென்றிமீற்றருக்கு இந்த வகை நார்கள் மட்டும் ஏறத்தாழ 140. தோலுக்கு அடியில் ஆழத்தில், அடுக்கடுக்கான உறை போர்த்திக் கிடப்பவை பசினி வாங்கிகள். இத்தாலியின் பிலிப்போ பசினி 1830களில் மாணவராக இருந்தபோது, பிணத்தின் கையை அறுத்துப் படிக்கையில் இவற்றைக் கவனித்தார். செக்கனுக்கு இருநூறு முந்நூறு தடவை அதிரும் அதிர்வுகள்தான் இவற்றுக்கு உரியவை. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய அசைவையும் பிடித்துவிடும். இளங்காம்பு 'டக்'கென்று முறியும் அதிர்வும் முற்றல் காம்பு வளைந்து இழுபடுவதும் வேறுவேறு என்று சொல்வதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. நான்காவது வகையான ருஃபினி, தோல் இழுபடுவதைச் சொல்லும்.

வழுக்கலைச் சொல்லும் மெய்ஸ்னர் வாங்கிகளின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை 1984இல் ஜொஹான்சனும் கோரன் வெஸ்ட்லிங்கும் காட்டினார்கள். ஒரு பொருளைத் தூக்கும்போது, அது நழுவாமல் இருக்க எவ்வளவு பிடி வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக நாம் பிடிக்கிறோம். பொருள் வழவழப்பானால் பிடி தானாகக் கூடும். சற்று வழுக்கினால், செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், நாம் அறியாமலே பிடி இறுகும். விரலை மரத்துப்போகச் செய்யும் மருந்து ஏற்றினால் இந்தக் கணக்குக் குழம்பிவிடும். தேவைக்கு மிஞ்சி இறுக்கிப் பிடிப்போம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேலூரில் மறுபடி சந்திக்கப் போகிறோம்.

தோல் அமுங்குவது எப்படி மின்சாரமாகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வுகூடத்தில் பெர்ட்ரண்ட் கோஸ்ட் ஒரு கலத்தை நுண்குழாயால் குத்திக் குத்திப் பார்த்தார். குத்தினால் மின் சலனம் வரும். சந்தேகத்துக்குரிய மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். எழுபத்தொன்று வரை ஒன்றும் நடக்கவில்லை. எழுபத்திரண்டாவதை அணைத்தபோது கலம் குத்தலுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியது. 2010இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பின் பெயர் பீசோ. அதன் இரண்டாவது வகையான பீசோ-2 தான் நம் தொடுகையின் கதவு: கலத்தின் சவ்வு இழுபட்டால் திறக்கும் புரதம். கதவு திறந்ததும் மின்னேற்றம் கொண்ட அயன்கள் உள்ளே பாயும். கொச்சிக்காய் அரைத்த கை ஏன் நெருப்பில் சுட்டது போல எரிகிறது என்பதை 1997இல் விளக்கியவர் டேவிட் ஜூலியஸ். சூட்டுக்குத் திறக்கும் கதவையே கொச்சிக்காயின் காரமும் திறக்கிறது. இருவருக்கும் 2021இன் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அயன்கள் போதிய அளவு பாய்ந்தால் நாரில் ஒரு கணத்தாக்கம் கிளம்பும். ஒரு மில்லிசெக்கன் நீடிக்கும் மின் துடிப்பு. பலமாகத் தொட்டால் பெரிய துடிப்பு, மெதுவாகத் தொட்டால் சிறிய துடிப்பு என்றெல்லாம் கிடையாது. எல்லாத் துடிப்பும் ஒரே அளவு. பலமாக அழுத்தினால் துடிப்புகள் அடுத்தடுத்து நெருங்கி வரும், அவ்வளவுதான். 1926இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் இங்வே சொட்டர்மேனும் இதைக் கண்டார்கள். உலகத்தின் மென்மை கடினம், வழவழப்பு சொரசொரப்பு எல்லாம் மூளைக்கு வருவது ஒரே மாதிரியான துடிப்புகளாகத்தான். எந்த நாரில் வந்தது, எத்தனை நெருக்கமாக வந்தது என்பதை வைத்துத்தான் மூளை மற்றதை அறிந்துகொள்கிறது.

எல்லா நாரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தொடுகையைச் சுமப்பவை மயலின் என்னும் கொழுப்பு உறை போர்த்திய தடித்த நார்கள். செக்கனுக்கு 35 முதல் 75 மீற்றர். தசையின் நீளத்தைச் சொல்லும் நார்கள் இன்னும் வேகம், நூறு மீற்றரைக்கூடத் தொடும். மணிக்கட்டில் நரம்பைத் தூண்டினால் 20 மில்லிசெக்கனில் மூளையின் மேற்பரப்பில் அது பதிவாகிறது. எரிச்சலான, மந்தமான வலியைச் சுமக்கும் உறையில்லாத மெல்லிய நார்களோ செக்கனுக்கு அரை மீற்றர் முதல் இரண்டு மீற்றர். நாம் நடக்கிற வேகம்தான். கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு குச்சி பாதத்தில் ஏறினால் நடப்பதைக் கவனித்தால் இந்த வரிசை புரியும். முதலில் எதையோ மிதித்தது தெரியும். உடனே சுரீரென்று ஒரு வலி. அது மெல்லிய உறையுள்ள இன்னொரு வகை நாரின் செய்தி. காலை எடுத்து, யாரையாவது திட்டவும் தொடங்கிய பிறகு, ஒரு செக்கன் கழித்துத்தான் அந்த எரியும் வலி வந்து சேரும்.

இனி வழி. விரல் நுனியிலிருந்து கிளம்பும் நார், கை வழியே ஏறி, கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையால் முண்ணாணுக்குள் நுழைகிறது. நுழைவாயிலில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். நரம்புக் கலத்தின் உடல் அங்கேதான் குடியிருக்கிறது. அதன் ஒரு முனை விரல் நுனியில், மறு முனை மூளையின் அடித்தண்டில், நடுவில் எங்கும் இறங்கி ஏறுவதே இல்லை. கால் பெருவிரலில் தொடங்கும் கலம்தான் உடலிலேயே நீளமானது. உயரமான ஒருவரில் அது ஒன்றரை மீற்றரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக் கலம், ஆள் உயரத்துக்கு நீண்டு கிடக்கிறது.

முண்ணாணின் பின்பக்கமாக மேலேறும் இந்த நார்களுக்கு ஒரு வரிசை ஒழுங்கு உண்டு. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் காலை பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பொகவந்தலாவையில் ஏறியவர்கள் உள்ளே போய் இடம் பிடித்திருப்பார்கள். நோர்வூட்டில் ஏறுகிறவர்கள் அவர்களுக்கு இப்பால் நிற்பார்கள். டிக்கோயாவில் ஏறுகிறவர்களுக்கு வாசற்படிதான். முண்ணாணிலும் அப்படியே. அடியில் ஏறிய பாதத்து நார்கள் நடுக்கோட்டை ஒட்டி, பிறகு ஏறிய தொடை, வயிறு, நெஞ்சு என்று வெளிப்பக்கம் வர, கழுத்தில் ஏறிய கை நார்கள் எல்லாவற்றுக்கும் வெளியே. இடம் மாறி யாரும் முண்டுவதில்லை என்பதுதான் பஸ்ஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். மேலே போனதும் எது காலின் செய்தி, எது கையின் செய்தி என்று மூளை குழம்பாமல் இருப்பதற்கு இந்த ஒழுங்கே காரணம்.

மூளையின் அடித்தண்டில் செய்தி இரண்டாவது கலத்துக்குக் கைமாறுகிறது. இந்த இரண்டாவது கலத்தின் நார்தான் இடமிருந்து வலத்துக்கும் வலமிருந்து இடத்துக்கும் கடக்கிறது. வலக்கையின் உணர்வு மூளையின் இடப்பக்கத்தில் பதிவாவது இதனால்தான். பிறகு மூளையின் நடுவில் இருக்கும் தலமசு. அங்கே மூன்றாவது கலம் செய்தியை வாங்கி மூளையின் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. விரல் நுனிக்கும் உணர்வுக்கும் நடுவே மொத்தம் மூன்றே கலங்கள். வலியும் சூடும் குளிரும் வேறு வழியில் போகின்றன: அவை முண்ணாணுக்குள் நுழைந்த சற்று நேரத்திலேயே மறுபக்கம் கடந்துவிடும். ஆகவே முண்ணாணின் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டால், அதே பக்கத்துக் காலில் தொடுகை போகும். எதிர்ப்பக்கத்துக் காலில் வலியும் சூடும் தெரியாமல் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த விசித்திரத்தை விளக்கிய சார்ள்ஸ்-எடுவார்ட் பிரவுன்-செக்கார், 1817இல் மொரிஷியஸில் பிறந்தவர். நம்மைப் போலவே கப்பலேறிய தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அதே தீவு.

தொடுகையோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு புலன் இருக்கிறது. ஐம்புலன் கணக்கில் அதற்கு இடம் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொடுங்கள். தொட்டுவிடுவீர்கள். விரல் எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் சார்ள்ஸ் ஷெரிங்டன் 1906இல் இந்தப் புலனுக்குத் தனிப்பெயர் சூட்டினார். நாம் உடல்நிலை உணர்வு என்று சொல்லிக்கொள்வோம்.

இதன் முதன்மையான கருவி தசைக்குள்ளே இருக்கிறது. கைகால்களை அசைக்கும் தசைகளில் சில மில்லிமீற்றர் நீளமான கதிர் வடிவ வாங்கிகள் தசை நார்களோடு இணையாகக் கிடக்கின்றன. தசை நீண்டால் இவையும் நீளும், எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்று சொல்லும். தசைநாணில் இருக்கும் கொல்கி வாங்கிகள் எவ்வளவு இழுவிசை என்று சொல்லும். மூட்டு எவ்வளவு மடங்கியது என்பதை மூட்டிலுள்ள வாங்கிகளே சொல்கின்றன என்றுதான் பாடநூல்கள் பல ஆண்டுகள் எழுதிவந்தன. 1972இல் குட்வின், மெக்ளோஸ்கி, மத்யூஸ் மூவரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். கண்ணை மூடியிருக்கும் ஒருவரின் மேற்கைத் தசைநாணில் செக்கனுக்கு நூறு தடவை அதிரும் கருவியை வைத்தார்கள். கை அசையாமலே, தன் முழங்கை விரிந்துகொண்டு போகிறது என்று அவர் சத்தியம் செய்தார். அதிர்வு தசைக் கதிர்களை ஏமாற்றிவிட்டது. மூளை அவற்றை நம்பிவிட்டது. பாடநூல்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

உடலில் தசைக் கதிர்கள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கழுத்தும் ஒன்று. தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டு ஏறுகிற பெண்ணுக்கு, ஒவ்வொரு பிடி கொழுந்து விழும்போதும் கூடையின் பாரம் மாறுகிறது. காலையில் வெறும் கூடை, நிறுவைக்குப் போகும்போது பல கிலோ. அதற்கேற்ப முதுகு வளையும் அளவும் கால் ஊன்றும் இடமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் ஊறிய மண் காலடியில் வழுக்கினால், கணுக்காலின் தசை இழுபட்ட செய்தி முண்ணாணுக்குப் போய், அங்கிருந்தே பதில் கட்டளை திரும்பி வந்துவிடும். செக்கனின் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. கால்களின் செய்தியில் ஒரு பகுதி சிறுமூளைக்கு நேராகப் போகிறது, பக்கம் மாறாமல். அது நம் உணர்வுக்கே வருவதில்லை. வழுக்கினோம் என்று நமக்குத் தெரியும் நேரத்தில், விழாமல் இருப்பதற்கான முதல் ஏற்பாடு முடிந்திருக்கும்.

இந்தப் புலன் இல்லாமல் போனால்? இங்கிலாந்தில் இறைச்சிக்கடையில் வேலை செய்த இயன் வாட்டர்மேன் என்ற இளைஞருக்கு 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அது நடந்தது. கழுத்துக்குக் கீழே தொடுகையும் உடல்நிலை உணர்வும் சுமக்கும் தடித்த நார்கள் அழிந்துவிட்டன. தசைகளுக்கு ஒரு குறையும் இல்லை. வலியும் சூடும் தெரியும். ஆனால் கை எங்கே கிடக்கிறது என்று தெரியாது; எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பல மாதம் பாடுபட்டு, தன் உறுப்புகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்து, நடக்கப் பழகினார். விளக்கு அணைந்தால் சரிந்து விழுவார். அவருடைய கதையை மருத்துவர் ஜோனதன் கோல் 1991இல் ஒரு நூலாகவே எழுதினார். பிறப்பிலேயே பீசோ-2 வேலை செய்யாத இரண்டு நோயாளிகளைப் பற்றி 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். கண் திறந்திருந்தால் நடப்பார்கள். கண்ணைக் கட்டினால் தள்ளாடுவார்கள். ஊசி குத்தினால் தெரியும், மெல்லத் தொட்டால் தெரியாது.

இதைச் சோதிக்க இயந்திரம் தேவையில்லை. முண்ணாணின் பின்பக்க நார்கள் கெட்டவர்கள் பகலில் ஓரளவு நடமாடுவார்கள், முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்ததும் முன்னால் சாய்ந்துவிடுவார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். பேர்லினின் மொரிட்ஸ் ரோம்பர்க் விவரித்த சோதனையை இன்றும் எல்லா வைத்தியசாலைகளிலும் செய்கிறார்கள்: பாதங்களைச் சேர்த்து நில், கண்ணை மூடு. விடியற்காலையில் பீலியடியில் முகம் கழுவும்போது தடுமாறுகிற பெரியவர்களை வயசாகிவிட்டது என்று மட்டும் சொல்லி விட்டுவிடக் கூடாது. விற்றமின் பி12 குறைந்தாலும் அந்த நார்கள்தான் கெடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் ஊசி மருந்தால் தடுத்து நிறுத்தலாம்.

மலைநாட்டுக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒன்று மழை. தென்மேற்குப் பருவத்தில் நாள் முழுக்க நனையும் விரல்கள் சுருங்கிப்போகும். தோல் தண்ணீரை உறிஞ்சி ஊறுவதால் என்று நினைப்போம். நரம்பு அறுந்த விரல் எவ்வளவு நேரம் நனைந்தாலும் சுருங்காது என்பது 1930களிலேயே கவனிக்கப்பட்டது. நரம்புகள் கட்டளையிட்டு விரல் நுனியின் இரத்தக் குழாய்களை ஒடுக்குவதால் வருகிற சுருக்கம் அது. சுருங்கிய விரலால் ஈரமான பொருள்களைச் சற்று விரைவாக எடுத்து வைக்கலாம் என்று 2013இல் ஒரு பிரித்தானிய ஆய்வு சொன்னது. அடுத்த வருடமே இன்னொரு குழு செய்து பார்த்துவிட்டு அப்படி ஒன்றும் இல்லை என்றது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நோர்வூட்டுக்கு வந்து பார்த்திருக்கலாம். குளிரின் கதையில் சண்டை இல்லை: நரம்பின் வெப்பம் ஒரு பாகை இறங்கினால் செய்தியின் வேகம் செக்கனுக்கு ஒன்றரை இரண்டு மீற்றர் குறையும். பனிக்காலத்துக் காலையில் விரல் பேச்சுக் கேட்காமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை.

இன்னொன்று அட்டை. காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போகிறோமே, அந்த அட்டையின் சொந்தக்காரனான மருத்துவ அட்டையில்தான், தொடுகைக்கென்று தனித்தனிக் கலங்கள் இருப்பதை ஜோன் நிக்கல்ஸும் டெனிஸ் பெய்லரும் 1968இல் அழகாகக் காட்டினார்கள். அதன் உடலின் ஒவ்வொரு துண்டிலும் ஏறத்தாழ 400 நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு முடிச்சு. அதில் மெல்லிய தொடுகைக்கு ஆறு, அழுத்தத்துக்கு நான்கு, குத்தும் வலிக்கு நான்கு. மூளை என்று சொல்ல அதிகம் இல்லாத உயிரிலேயே தொடுகை, அழுத்தம், வலி மூன்றும் பிரிந்து நிற்கின்றன.

மூளைக்குத் திரும்புவோம். உச்சந்தலைக்கு இரண்டு பக்கமும் காதை நோக்கி இறங்கும் ஒரு மடிப்பில் உடல் முழுவதும் வரைபடமாக விரிந்திருக்கிறது. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவைச் சிகிச்சையின்போது மின்முனையால் தொட்டுத் தொட்டு, எந்த உறுப்பில் உணர்கிறீர்கள் என்று கேட்டு, 1937இல் அந்த வரைபடத்தை வெளியிட்டார். முதுகு முழுவதற்கும் சிறு இடம். கைக்கும் உதட்டுக்கும் பெரும் பரப்பு. முதுகில் இரண்டு முனைகளை நான்கு சென்றிமீற்றர் இடைவெளியில் வைத்தாலும் ஒன்றாகத் தோன்றும். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் போதும், இரண்டென்று தெரிந்துவிடும்.

அந்த வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களில் தொடுவதாக அவர் சொன்னதை 1990களின் தொடக்கத்தில் எழுதினார். செய்தி வராமல் காலியாகக் கிடந்த கையின் இடத்துக்குள் முகத்தின் நார்கள் நுழைந்துவிட்டன என்பது அவர் விளக்கம். யுத்தத்தில் கைகால் இழந்தவர்கள் வாழும் நாட்டில், இல்லாத கால் வலிக்கிறது என்று சொல்பவரைப் பைத்தியம் என்று நினைக்காமலிருக்க இது ஒன்றே போதும்.

பயன்படுத்தினால் வரைபடம் விரியும் என்பதற்கும் சான்று உண்டு. வயலின் போன்ற நரம்புக் கருவி வாசிப்பவர்களின் இடக்கை விரல்களுக்கு மூளையில் மற்றவர்களைவிடப் பெரிய இடம் இருப்பதைத் தோமஸ் எல்பர்ட் குழுவினர் 1995இல் அளந்தார்கள். சிறு வயதில் தொடங்கியவர்களில் அது இன்னும் பெரிது. வயலின்காரரின் விரலைக் கலை என்கிறோம். இருபது வருடம் கொழுந்து எடுத்த விரலைப் பயிற்சி வேண்டாத உழைப்பு என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறோம். நரம்பியல் அறிந்தவர் எவரும் அப்படி எழுத மாட்டார்.

விரலின் அருமையை, அது போன பிறகு பார்த்தவர் ஒருவர் இருந்தார். போல் பிராண்ட், 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் மனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பலமிழந்த கை என்று எதிர்பார்த்தவருக்கு வலியில் கத்தும் அளவுக்குப் பிடி விழுந்தது. தசை நன்றாகவே இருந்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன மரத்துப்போன விரல் கணக்கு இதுதான், சுவீடன்காரர்கள் அளப்பதற்கு முப்பத்தேழு வருடம் முன்பு.

அதுவரை தொழுநோயில் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே உலகம் நம்பியது. பிராண்ட் நோயாளிகளோடு இருந்து கவனித்தார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாமல் நின்றபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். தரையில் இரத்தத் துளிகள். சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது; அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் விரல் துண்டு காணாமல் போவதன் மர்மத்தைக் கண்டுபிடிக்க ஒருவரைக் காவலுக்கு வைத்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. நோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை. உடலில் குளிர்ந்த இடங்களில், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளில், மயலின் உறையைச் செய்யும் கலங்களுக்குள் குடியேறி உணர்வை அறுக்கிறது. மிச்சத்தைச் செய்வது சூடான பாத்திரமும், பொருந்தாத செருப்பும், துருப்பிடித்த சாவியும்தான். 1948 முதல் பிராண்ட் நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். உணர்வைத் திருப்பிக் கொடுக்க அவராலும் முடியவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் செயற்கையான வலி உணர்த்தும் கையுறை செய்யப் பல வருடம் முயன்று கைவிட்டார்.

இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில், 1708இல், ஹெந்தளையில் தொழுநோய் மனை கட்டினார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை 1983இல் நாட்டுக்கு வந்தது. நோய் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இன்றும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் புதிய நோயாளிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அதைவிடப் பரவலாக விரலையும் பாதத்தையும் மரக்கச் செய்வது நீரிழிவு. நீளமான நார்கள் முதலில் கெடும், ஆகவே பாதம் முந்திக்கொள்ளும். இரவில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மரத்து எழுப்பினால், மணிக்கட்டில் நரம்பு நசிகிறது என்று பொருள். கையால் ஓயாமல் வேலை செய்பவர்களுக்கு வருவது.

தோலில் நிறம் மங்கிய தேமல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு, அதைப் பஞ்சால் தொடச் சொல்லிப் பாருங்கள். தெரியாவிட்டால் தள்ளிப்போடாமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தொழுநோய்க்கு மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் குடித்தால் குணமாகும். சேதப்பட்ட நரம்புதான் திரும்பாது, ஆகவே முந்திப் போக வேண்டும். நீரிழிவு இருந்தால் இரவில் படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், பாதம் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு நாள் பேர் போகுமே என்றுதான் பலரும் இதையெல்லாம் மறைத்து வேலைக்குப் போகிறார்கள். அந்த ஒரு பேரை விட்டாவது காட்டிவிடுங்கள். தோட்ட நிர்வாகங்கள் செய்யக்கூடியதும் பெரிதில்லை: வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தொழிலாளியின் கையையும் காலையும் சோதிக்க ஒரு மெல்லிய நைலோன் இழையும் ஓர் இசைக்கவையும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். அந்த நாளுக்கும் முழுப் பேர் போட்டுவிட வேண்டும்.